எல்பியா, சிடியா: பழைய பாட்டுக்கும் கச்சேரிக்கும் எதில் காசு போடுவது?

பரணிலிருந்து இறக்கிய எல்பி ரெக்கார்டு பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. அதற்காக ரெக்கார்டை ஓட்டும் டர்ன்டேபிள் வாங்குவதா, அதே பாடல்களைச் சிடியில் தேடிப் பிடிப்பதா என்று குழம்புகிறவர்கள் ஒரு வகை. பெட்டியும் இல்லை, தட்டும் இல்லை; "எல்பியில்தான் ஒரிஜினல் சவுண்டு" என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பணம் எடுத்து வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை. இரு வகையினருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

கருவி வைத்து அளந்தால் சிடிதான் மேல். அதில் வாதாட ஒன்றுமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: அந்தச் சிடிக்குள் எந்த டேப் போனது, போகிற வழியில் அதை என்ன பாடு படுத்தினார்கள் என்பதில். பழைய தமிழ்த் திரைப்பாடல்களில் இந்த ஒரே காரணத்தால், கொஞ்சம் கரகரக்கும் எல்பி பளபளக்கும் சிடியைத் தோற்கடிப்பது உண்டு. கர்நாடக இசையில் பெரும்பாலும் நேர்மாறு.

## எவற்றை வைத்து எடை போடுவது

பின்னணி இரைச்சல், சுருதி அசையாமல் நிற்பது, தட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒலி ஒரே தரத்தில் இருப்பது, மூல டேப்புக்கு எவ்வளவு பக்கம் என்பது, கடைசியாகச் செலவும் பராமரிப்பும். "இதமான ஒலி" என்பதைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. அது மேலே சொன்னவற்றின் விளைவு.

| | எல்பி (33⅓ சுற்று) | சிடி |
|---|---|---|
| மெல்லியதிலிருந்து உரத்தது வரை வீச்சு | நல்ல அச்சில் 60–70 டெசிபல், சாதாரண அச்சில் அதற்கும் கீழே | சுமார் 96 டெசிபல் |
| இடது, வலது சானல் பிரிவு | 25–35 டெசிபல் | 90 டெசிபல் அளவு |
| வேக ஏற்ற இறக்கம் | நல்ல டைரக்ட் டிரைவில் (மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள்) 0.03 சதவீதம் அளவு, மலிவானதில் 0.2 வரை | இல்லை என்றே சொல்லலாம் |
| இடைவிடாமல் ஓடும் நேரம் | ஒரு பக்கம் 20 நிமிடம் சொச்சம் | 74–80 நிமிடம் |
| கேட்கக் கேட்கத் தேய்வது | தட்டும் தேயும், ஊசியும் தேயும் | இல்லை |
| வெளிவரும் சிக்னல் | 3–5 மில்லிவோல்ட் | 2 வோல்ட் |

சிடி ஒலியை நொடிக்கு 44,100 துண்டுகளாக "வெட்டுவதால்" இடையில் ஏதோ விட்டுப்போகிறது என்ற வாதத்தை இன்னும் கேட்க முடிகிறது. 20 கிலோஹெர்ட்ஸுக்கு உட்பட்ட அலையைத் திரும்பக் கட்ட அந்த எண்ணிக்கை போதும். பிளேயரிலிருந்து வெளிவருவது படிக்கட்டு அல்ல, வழுவழுப்பான அலைதான். ஐம்பது வயதைத் தாண்டிய காதுகளில் பெரும்பாலானவை 14 கிலோஹெர்ட்ஸையே எட்டுவதில்லை என்பது வேறு கதை.

## இரைச்சலும் சுருதியும்: கச்சேரி கேட்பவர்கள் இங்கே முடிவெடுத்துவிடலாம்

ஆலாபனை தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். தம்புரா மட்டும் ஒலிக்கிறது, குரல் இன்னும் வரவில்லை. எல்பியில் அந்தத் தம்புராவின் மட்டத்திலேயே தட்டின் சரசரப்பும் இருக்கும். இடையிடையே விழும் "டப்" ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். நல்ல அச்சில், கழுவிய தட்டில் இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. 70களின் இறுதியிலும் 80களிலும் இந்தியாவில் அச்சான தட்டுகள் பலவற்றில், உறை பிரிக்காத புதுத் தட்டிலேயே இந்தச் சரசரப்பு இருந்தது. அதை எந்தத் திரவத்தாலும் கழுவ முடியாது.

அதைவிடப் பெரிய தொல்லை சுருதி. தட்டின் நடுத்துளை துல்லியமாக நடுவில் இல்லையென்றால், ஒவ்வொரு சுற்றிலும் ஒலி சற்று ஏறி இறங்கும். ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால், தட்டின் உள்வட்டத்தில், அதாவது மையத்திலிருந்து 6 செ.மீ. தூரத்தில், வேகம் சுமார் 0.8 சதவீதம் மேலும் கீழும் போகும். ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில் கால்பங்குக்கும் மேலான ஊசலாட்டம் அது. தவில், கடம், டிரம்ஸ் நிறைந்த பாட்டில் யாருக்கும் தெரியாது. தம்புராவிலும், நாகஸ்வரத்தின் நீண்ட கார்வையிலும், வயலினின் ஒற்றை வில்லிலும் அப்பட்டமாகத் தெரியும்.

இதைக் கண்ணால் பிடிக்கலாம். தட்டு ஓடும்போது, ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மை மேலிருந்து பாருங்கள். கை ஒவ்வொரு சுற்றுக்கும் இடமும் வலமுமாக ஆடினால் துளை விலகல். மேலும் கீழுமாக ஆடினால் தட்டு வளைந்திருக்கிறது. வளைவு சிறியதாக இருந்தால் சமாளிக்கலாம்; துளை விலகலுக்கு எளிய வைத்தியம் இல்லை. பழைய ரெக்கார்டு கடையில் ஓட்டிக் காட்டச் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், கீறலை அல்ல.

ராகம் தானம் பல்லவியை எல்பியில் பக்கம் திருப்பித்தான் கேட்க வேண்டும். சில பதிவுகளை 20 நிமிடத்துக்குள் அடக்கச் சுருக்கியும் இருக்கிறார்கள். முழுக் கச்சேரியைச் சிடியில் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த ஒன்றே போதும்.

## உள்வட்டம் என்னும் பிரச்சினை

தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் ஊசிக்குக் கீழே ஒலி பதிந்த பள்ளம் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. வெளி ஓரத்தில் நொடிக்கு சுமார் 51 செ.மீ.; பக்கத்தின் முடிவில் 21 செ.மீ. அதே ஒலியை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. கூம்பு முனை ஊசியால் அந்த நுணுக்கத்துக்குள் இறங்க முடியாது. விளைவு: பக்கத்தின் கடைசிப் பாட்டில் "ச", "ஸ" ஒலிகள் சிதறும், ஜாலரா மணியோசை கிழிந்த தாள் போலக் கேட்கும்.

இதில் பாதியைச் சரிசெய்ய முடியும். ஊசி பொருத்தியிருக்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தை, கட்டம் அச்சிட்ட புரோட்ராக்டர் தாளை வைத்து இரண்டு புள்ளிகளில் நேராக்க வேண்டும் (பரவலாகப் பயன்படும் அமைப்பில் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ.). ஊசியின் எடையைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வைக்க வேண்டும். உதாரணமாக ஆர்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம், ஆடியோ டெக்னிகா விஎம்95 வரிசை என்றால் 2 கிராம். எடையைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தப்பு. எடை குறைந்த ஊசி பள்ளத்தில் நிற்காமல் துள்ளிச் சுவரைச் செதுக்கும்.

சிடியில் இந்தப் பேச்சே இல்லை. மையத்தில் நிமிடத்துக்கு 500 சுற்றில் தொடங்கி வெளி ஓரத்தில் 200க்கு இறங்கி, லேசருக்குக் கீழே வேகத்தை ஒரே சீராக வைத்துக்கொள்கிறது.

## மாஸ்டர் (மூலப் பதிவு): முடிவை மாற்றுகிற இடம்

70களின் இறுதி வரை தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ, அதாவது இடது, வலது என்று பிரியாத ஒற்றைச் சானல். 78 சுற்று அரக்குத் தட்டு, பிறகு 45 சுற்று இபி என்ற சிறு தட்டு, பிறகு எல்பி என்று வெவ்வேறு வடிவங்களில் அவை வந்தன. 78இல் ஒரு பக்கத்துக்கு மூன்றே கால் நிமிடம்தான் என்பதால் படத்தில் இருக்கும் சரணம் தட்டில் இருக்காது. சில வேளைகளில் தட்டில் இருப்பது படத்தில் இருக்காது. எந்த வடிவம் உங்களுக்கு வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

இந்தப் பாடல்கள் சிடிக்கு வந்தபோது மூன்று விபத்துகள் நடந்தன. ஒன்று, இரைச்சலை நீக்குகிறேன் என்று குரலின் மூச்சையும் சேர்த்து நீக்கியது. இரண்டு, மோனோவைப் பிரித்துப் போலி ஸ்டீரியோ ஆக்கியது; சிலவற்றில் புதுத் தாளமும் சேர்த்தார்கள். மூன்று, டேப் கிடைக்காமல் ஏதோ ஒரு ரெக்கார்டை ஓட்டியே சிடிக்கு ஏற்றியது.

கையில் இருக்கும் சிடி எந்த ரகம் என்று அரைமணி நேரத்தில் கண்டுபிடிக்கலாம். பாடலை வேவ் கோப்பாகக் கணினியில் இறக்கி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறக்கவும். ஸ்டீரியோ டிராக்கை இரண்டு மோனோவாகப் பிரித்து, ஒன்றைத் தலைகீழாக்கி, இரண்டையும் கலக்கவும். உண்மையான மோனோ என்றால் முழு நிசப்தம் மிஞ்சும். பாட்டு போய் "பட்பட்" என்ற கரகரப்பு மட்டும் மிஞ்சினால் ரெக்கார்டிலிருந்து ஏற்றியது. பாஸும் கணகணப்பும் தனித்தனியே மிஞ்சினால் போலி ஸ்டீரியோ.

அடுத்து, ஒலியை அதிர்வெண் வாரியாகப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றிப் பாருங்கள். பழைய பதிவில் இசை 10, 12 கிலோஹெர்ட்ஸில் மெல்ல மங்குவது இயல்பு. ஆனால் டேப்பின் "ஸ்ஸ்" இரைச்சல் அதற்கு மேலும் தூறலாகத் தெரிய வேண்டும். எல்லாமே 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல நின்றால், யாரோ எம்பி3 கோப்பிலிருந்து எரித்துக் கொடுத்த தட்டு அது. "ஆடியோ சிடி" என்று உறை போட்டு விற்றவற்றில் இந்த ரகம் ஏராளம். குரல் வரும்போது "ஸ்ஸ்" வந்து, குரல் நின்றதும் அதுவும் போய்விட்டால் இரைச்சல் நீக்கியின் கைவரிசை.

இப்படிச் சிடி தோற்றுப்போகும் பாடல்களுக்கு எல்பி அல்லது இபிதான் கதி. அதிலும் மோனோ தட்டுக்கு ஒரு பெரிய சலுகை உண்டு. மோனோ பள்ளத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. தூசியும் தேய்வும் எழுப்பும் சத்தத்தில் பெரும்பகுதி மேல்கீழ் அசைவில். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் ஓட்டி, ஆம்ப்ளிஃபையரில் மோனோ பட்டனை அழுத்தினால் அந்த மேல்கீழ்ச் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கரகரப்பு கண்ணெதிரே இறங்கும். பழைய பாட்டுக்கென்றே டர்ன்டேபிள் வாங்குபவர், மோனோ பட்டன் இல்லாத ஆம்ப்ளிஃபையரை வாங்கக் கூடாது.

80களின் திரைப்பாடல்களில் நிலைமை கலவை. அவை அனலாக் டேப்பில், ஸ்டீரியோவில் பதிவானவை. 80களின் இறுதியிலும் 90களின் தொடக்கத்திலும் எக்கோ, ஓரியண்டல் போன்ற பெயர்களில் வந்த முதல் தலைமுறைச் சிடிகளில், பிற்காலத்தில் வழக்கமான, ஒலியை நசுக்கி உரக்க ஒலிக்கச் செய்யும் வேலை பெரும்பாலும் இல்லை. கிடைத்தால் விடக் கூடாதவை இவைதான். பிற்காலத் தொகுப்புச் சிடிகளை வாங்கும் முன் மேலே சொன்ன சோதனையைச் செய்யவும்.

டிஜிட்டலிலேயே பிறந்த 90களுக்குப் பிந்தைய பாடல்களை எல்பியாக வாங்குவது உறையின் அழகுக்காக என்றால் சரி. ஒலிக்காக என்றால் வீண். டிஜிட்டல் கோப்பிலிருந்தே அந்தத் தட்டைச் செதுக்குகிறார்கள். வெட்டும் எந்திரத்துக்காக அடிபாஸை நடுவில் குவித்து, "ஸ" ஒலிகளைத் தணித்துத்தான் அனுப்ப முடியும். பலருக்கு இதமாகக் கேட்பதில் ஒரு பங்கு இந்தத் தணிப்புதான். ஒலியின் வீச்சை எண்ணாகச் சொல்லும் டிஆர் மீட்டர் மென்பொருளில் எல்பிக்குக் கூடுதல் எண் வருவதைக் காட்டி வாதிடுவோர் உண்டு. ஒரே மாஸ்டரிலிருந்து வந்தாலும் ரெக்கார்டை ஓட்டிப் பதிவுசெய்ததில் உச்சங்கள் உயர்ந்து எண் கூடிவிடும். அந்த எண்ணை நம்பிக் காசு போடாதீர்கள்.

அமெரிக்காவின் மொபைல் ஃபிடிலிட்டி நிறுவனம் தன் விலையுயர்ந்த எல்பிகள் பலவற்றுக்கு இடையில் டிஜிட்டல் கோப்பைப் பயன்படுத்தியது 2022இல் வெளியே வந்தது. அதுவரை அவற்றை அனலாக் ஒலியின் உச்சம் என்று கொண்டாடியவர்களின் காதுக்கு அது தெரியவில்லை.

## எல்பியின் மறைமுகச் செலவு

ஃபோனோ ப்ரீஆம்ப். டர்ன்டேபிளை ஆம்ப்ளிஃபையரின் "ஆக்ஸ்" துளையில் நேராகச் செருகினால் ஒலி ஈனமாக, பாஸ் இல்லாமல் வரும். தட்டில் பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டித்தான் எழுதுகிறார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்வதும், மில்லிவோல்ட்டை நூறு மடங்கு உயர்த்துவதும் ப்ரீஆம்பின் வேலை. சில டர்ன்டேபிள்களில் உள்ளேயே இருக்கும். டர்ன்டேபிள், ஆம்ப்ளிஃபையர் இரண்டிலும் இருந்தால் ஒன்றை அணைக்க வேண்டும்.

ஊசி. ஆடியோ டெக்னிகா தன் ஊசிகளுக்குச் சொல்லும் ஆயுள்: கூம்பு முனை 500 மணி நேரம், நீள்வட்ட முனை 300, மைக்ரோலீனியர் 1,000. தினம் ஒரு எல்பி கேட்பவருக்கு நீள்வட்ட ஊசி ஒன்றேகால் வருடம் வரும். தேய்ந்த ஊசியை மாற்றத் தள்ளிப்போட்டால் செலவு ஊசியோடு நிற்காது, பெட்டியிலுள்ள தட்டுகளுக்கும் போகும். 78 தட்டுக்கு வேறு ஊசி வேண்டும்: முனையின் ஆரம் சுமார் 76 மைக்ரான். எல்பி ஊசியை அதில் வைத்தால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும்.

மோட்டார். வெளிநாட்டு உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் பழைய பெல்ட் டிரைவ் டர்ன்டேபிளில், மின்சாரத்தின் அலைவெண்ணையொட்டிச் சுழலும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் இருந்தால் அது 60 ஹெர்ட்ஸுக்கு ஆனது. இங்கே 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 33⅓ என்பது 27.8 சுற்றாகும், பாட்டு மூன்று ஸ்வரஸ்தானம் கீழே இறங்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் மாட்டினால் வோல்டேஜ்தான் மாறும், வேகம் மாறாது. 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி (பெல்ட்டை ஓட்டும் சக்கரம்) கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். டைரக்ட் டிரைவுக்கும் டிசி மோட்டாருக்கும் இந்தக் கவலை இல்லை.

எர்த். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய தனி ஒயரை ப்ரீஆம்பின் எர்த் திருகில் மாட்டாவிட்டால் "ம்ம்" என்ற உறுமல் நிற்காது.

வெயிலும் ஈரமும். சித்திரை வெயிலில் மூடிய காரின் பின்சீட்டில் ஒரு மதியம் போதும், தட்டு வளைந்துவிடும். அடுக்கிப் படுக்க வைக்காமல் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். ஈரத்தில் பூஞ்சை வெண்புள்ளிகளாகப் படரும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டருடன் 100 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும், வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே துளியும் சேர்த்துப் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்கவும். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை. 78 அரக்குத் தட்டில் ஆல்கஹால் பட்டால் அரக்கே கரையும். அதற்குத் தண்ணீர் மட்டும்.

சூட்கேஸ் வடிவில் வரும் மலிவுப் பிளேயர்களிலும், பழைய எச்எம்வி, பிலிப்ஸ் பெட்டிகளிலும் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். ஊசி 5 கிராமோ அதற்கு மேலோ அழுத்தும். நல்ல தட்டை அதில் ஓட்டாதீர்கள்.

## சிடியின் மறைமுகச் செலவு

தட்டைவிடப் பிளேயர்தான் தலைவலி. புதுப் பிளேயர்கள் குறைந்துவிட்டன. பழையதில் லேசர் பிக்கப் களைத்துப் போயிருக்கும். எரித்த தட்டைப் படிக்காமல் அச்சுத் தட்டை மட்டும் படிக்கிற பிளேயர் லேசர் போகும் தறுவாயில் இருக்கலாம். முதலில் லென்ஸை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துப் பார்க்கலாம். வீட்டில் கிடக்கும் டிவிடி பிளேயரும் சிடியை ஓட்டும். டிஜிட்டல் அவுட் இருந்தால் அதன் ஒலித்தரத்தைக் குறை சொல்ல முடியாது.

கீறலைப் பற்றி எல்லோரும் அடிப்பக்கத்தைப் பார்க்கிறார்கள். அங்கே 1.2 மி.மீ. பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. படம் அச்சிட்ட மேல்பக்கத்தில் இருப்பது மெல்லிய வார்னிஷ் மட்டும். அது உரிந்தால் பாட்டும் உரிந்தது. தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளை போல ஒளி தெரிகிறதா பாருங்கள். இரண்டரை மி.மீ. அளவு விடுபட்ட தகவலைப் பிளேயர் முழுதாக மீட்டுவிடும். அதற்கு மேல் ஊகித்து நிரப்பும். துடைப்பது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்து விழும் கீறல், தகவல் ஓடும் திசையிலேயே நீளமாக ஓடும்.

## யாருக்கு எது

கர்நாடக இசை கேட்பவர்: சிடி. சிடியே வராத பழைய எல்பிகள் விதிவிலக்கு.

60, 70களின் திரைப்பாடல்: பெட்டி நிறையத் தட்டுகள் ஏற்கெனவே இருந்தால், நல்ல கார்ட்ரிட்ஜும் மோனோ பட்டனும் உள்ள டர்ன்டேபிள் அமைப்பு. பத்துப் பதினைந்து தட்டு மட்டும் என்றால் டர்ன்டேபிள் வாங்காமல் ஒருமுறை பதிவுசெய்து வைத்துக்கொள்வது லாபம்.

80களின் திரைப்பாடல்: முதல் தலைமுறைச் சிடி கிடைத்தால் அது, இல்லையென்றால் கீறல் குறைந்த எல்பி.

அதற்குப் பின்: சிடி, யோசிக்கவே வேண்டாம்.

வீட்டிலேயே இரண்டையும் ஒப்பிட விரும்பினால் ஒலியளவைச் சமப்படுத்தாமல் தொடங்காதீர்கள். ஒரு டெசிபல் உரக்க ஒலிப்பது எப்போதும் "நன்றாக" கேட்கும். சிடியின் சிக்னல் பெரும்பாலும் பெரிது; அதே பாடலின் அதே வரியில் இரண்டையும் சமமாக்கிவிட்டு, எது ஓடுகிறது என்று தெரியாதபடி இன்னொருவரை மாற்றச் சொல்லுங்கள்.

## ரெக்கார்டைப் பதிவுசெய்து வைத்தல்

எல்பியை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்து கேட்டால் எல்பியின் அதே குணம் அப்படியே வரும். அந்த "இதம்" டிஜிட்டலில் அடங்காத ஒன்று இல்லை என்பதற்கு இதைவிட எளிய சோதனை கிடையாது. பலருக்கு இதுவே சரியான வழியும்: தட்டு ஒருமுறை ஓடும், பிறகு தேயாது.

தட்டைக் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு ஓட்டவும். உரத்த இடத்தில் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைக்கவும். தட்டின் பெரிய "டப்" எதிர்பாராமல் மேலே எகிறும். மோனோ தட்டை ஸ்டீரியோவாகவே பதிந்து, பிறகு மென்பொருளில் இரண்டு சானலையும் சேர்க்கவும். பள்ளத்தின் ஒரு சுவர் அதிகம் தேய்ந்திருந்தால் நல்ல சுவரை மட்டும் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அப்போது இருக்கும். கிளிக் நீக்கியைப் பெரிய சத்தங்களுக்கு மட்டும் கையால் பயன்படுத்துங்கள். முழுப் பாட்டுக்கும் போட்டால் மிருதங்கத்தின் "சாப்பு" மழுங்கிவிடும். இரைச்சல் நீக்கியைத் தொடாத ஒரு பிரதியை எப்போதும் தனியாக, ஒலி இழப்பில்லாத ஃபிளாக் வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரில் லேபிளில் உள்ள எண்ணையும், பள்ளம் முடிந்து லேபிள் தொடங்கும் வழவழப்பான பகுதியில் கீறியிருக்கும் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். நாளை அதே பாட்டின் வேறு அச்சு கிடைத்தால், எது எதிலிருந்து வந்தது என்று அந்த எண்தான் சொல்லும்.